பார்க்கவில்லை

எழுபத்தோராம் வயதில்
நான் பிறந்த இரவைக் கையில் எடுத்தேன்.
உள்ளங்கை அளவு களிமண்.
சுட்டதல்ல, வெயிலில் காய்ந்தது.
எலி கடித்ததுபோல் ஒரு மூலை இல்லை.

அப்பாவின் எழுத்து.
நாணலை ஆழமாய்க் குத்துவார்;
ஆடு மிதித்த சேறுபோல் இருக்கும்.

'இருபத்திரண்டாம் இரவு. வியாழன்
ஆட்டுமீனின் வாலுக்கு முன்னே மூன்று விரல்.
வாற்கோதுமை, ஓர் எடை வெள்ளிக்கு முப்பது படி.
நதி நான்கு விரல் ஏறியது.
தெற்கு வாசலில் நரி ஒன்று புகுந்தது.

இருபத்து மூன்றாம் இரவு.
பார்க்கவில்லை.'

மேகமென்றால் மேகம் என்று எழுதுவார்கள்.
பாபிலோனின் மேல் அன்று வானம்
கழுவிக் கவிழ்த்த தட்டாய் இருந்ததாம்.
அம்மா இன்சப்து சொன்னாள்:
தலை திரும்பாமல் கிடந்தாய் நீ.
மருத்துவச்சிக்கு விளக்குப் பிடிக்க ஆளில்லை.
மாடிக்குப் போகவேண்டியவர்
விடியும்வரை விளக்கோடு நின்றார்.

காலையில் லாபாஷி வந்தானாம்,
பக்கத்து மாடிக்காரன்,
வாற்கோதுமைக் கள்ளில் இரவைத் தொலைத்தவன்.
'நேற்று மூன்று விரல். நாளையும் மூன்றாய்த்தான் இருக்கும்.
நிற்கப்போகும் கோள் ஓர் இரவில் எங்கே ஓடிவிடும்?
மூன்று என்று எழுது. யார் கேட்பது?'

அப்பா ஈரத்துணியை விலக்கி
அந்த ஒரு சொல்லைக் குத்தினார்.
கோளைப் பற்றிக் கோள் சொல்ல
அவருக்கு வரவில்லை.
என்னைப் பற்றி ஒரு கீறலும் இல்லை.
நரிக்கு இடமிருந்தது.

வியாழன் எங்கள் நகரத் தெய்வத்தின் மீன்.
நடக்கும், நிற்கும், பின்வாங்கும்,
மறுபடி நின்று, மறுபடி நடக்கும்.
தெய்வம் பின்வாங்குகிறது என்று
கோவில் முற்றத்தில் சொன்னால் உதை விழும்.
களிமண்ணில் சொல்லலாம்.
ஏன் என்று எங்களுக்குத் தெரியாது.
எப்போது என்று தெரியும்.
எழுபத்தொரு வருடம் போனால்
அதே வாலின் பக்கத்தில் அதே தயக்கத்தோடு
வந்து நிற்கும், நாள் கொஞ்சம் முன்பின்னாக.
செத்தவர் பார்த்ததையும் இருப்பவர் பார்த்ததையும்
சேர்த்துத் தைத்துக் கண்டுகொண்டது இது.

நேற்று யூப்ரடீஸில் பரிசலில் வந்தேன்.
முன்னால் பேரீச்சை ஏற்றிய பரிசல் ஒன்று.
நாங்கள் அதை முந்தும்போது
அக்கரை மரங்களுக்கு எதிரே
அது பின்னோக்கிப் போவதுபோல் இருந்தது.
வேடிக்கை.
எழுதிவைக்கவில்லை.
நதிக் கணக்கில் நீர்மட்டம் மட்டும்தான் சேரும்.

இன்றிரவு படி ஏறினேன்.
முழங்கால் இரண்டும் தனித்தனியே புலம்பின.
வானம் சுத்தம் என்றார்கள்.
எனக்கு இரண்டு வருடமாய்க் கண்ணில் புரை,
விளக்கெல்லாம் மோரில் மிதக்கிறது.
ஆட்டுமீன் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெளுப்பு.
வாலா, வியாழனா, என் கண்ணா?

பக்கத்தில் செரியா, லாபாஷியின் பேரன்.
கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி,
விரலை அடுக்கி வெகுநேரம் நின்றான்.
'மூன்று' என்றான்.
மூச்சுவிட்டு மறுபடி அளந்தான்.
'மூன்றேதான்.'

அப்படியானால் லாபாஷி சொன்னது சரி.
எழுதப்படாத அந்தப் பொய்
எழுபத்தொரு வருடம் சுற்றி
சரியான எண்ணாய் வந்து நிற்கிறது.
சிரித்துவிட்டேன்.
செரியாவிடம் காரணம் சொல்லவில்லை.

ஈரத்துணியை விலக்கினேன்.
வாற்கோதுமை முப்பத்தாறு படி.
நதி இரண்டு விரல் இறங்கியது.
நரி வரவில்லை.
வியாழன், வாலுக்கு முன்னே மூன்று விரல்:
செரியா பார்த்தான்.

ஓரத்தில் கொஞ்சம் இடம் மீதி.
விரலால் தடவித் தடவி அதைத் தேடி,
நாணலை ஆழமாய்க் குத்தினேன்:
நான் பார்க்கவில்லை.